அக்கா கழற்றிக் கொடுத்த பாசிமாலைகள்

எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிடக் கூடாது என்று ஊரே ஒருமனதாக விரும்பிய காலம் ஒன்று இருந்தது. யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது. எல்லோருக்கும் அவள் செல்லம். அந்தச் செல்லம்தான் வினையாகப் போயிற்று.

எண்பதுகளின் பிற்பாதி அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அக்கா பாசிமாலை கோப்பாள். நடுவில் ஒரு ராசிக்கல், அதற்கு இரண்டு பக்கமும் பெயிண்ட் அடித்த பித்தளைக் கிளி, மேலே கழுத்துவரை கண்ணாடிப் பாசி. அவள் கோத்த மாலையைப் போட்ட பெண்ணுக்குச் சட்டென்று மாப்பிள்ளை அமைந்துவிடும் என்று பேர். வன்னியம்பட்டி, கான்சாபுரம், வத்திராயிருப்பு என்று எங்கெங்கிருந்தோ பெண்ணைப் பெற்றவர்கள் பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். இத்தனை பேர் வீட்டில் கொட்டுமேளம் கொட்டவைத்தவளுக்கு அப்போது முப்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. தங்கை நான் அவளுக்கு முன்பே கல்யாணமாகி ராஜபாளையம் போய்விட்டேன். அதையும் அந்த மாலையின் பலன் என்றே எங்கள் தெருவில் சொன்னார்கள். அது மாலையின் கோளாறு என்று சொல்கிறவர்கள் என் மாமியார் வீட்டில் உண்டு.

இந்த வம்புக்கெல்லாம் ஆரம்பம் ராஜபாளையத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்த பாய். அம்மா தவறிப்போன பிறகு ஒரு நாள், அறுந்துபோன அம்மாவின் பாசியைக் கோத்து வாங்கலாம் என்று அக்கா அவர் கடைக்குப் போயிருக்கிறாள். கோக்க ஆள் இல்லை என்று பாய் கைவிரித்திருக்கிறார். தூண்டில் நரம்பு ஒரு பந்து கொடுங்கள் என்று வாங்கி, அங்கேயே கடைப்படியில் உட்கார்ந்து கோத்து முடித்துவிட்டாள். பாய் வியாபாரி அல்லவா, பாராட்டி நேரத்தை வீணாக்கவில்லை. கடையில் அறுந்து கிடந்த எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். பழுது பார்ப்பதில் தொடங்கியது, கொஞ்ச நாளில் புது மாலைகளில் வந்து நின்றது.

ராசிக்கல் வியாபாரமும் பாய்க்கு உண்டு. செவ்வாய்க்குப் பவளம், சந்திரனுக்கு முத்து, புதனுக்குப் பச்சை, குருவுக்குப் புஷ்பராகம். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்களுக்கு ஜோசியர்கள் பெரும்பாலும் புஷ்பராகத்தைத்தான் எழுதிக் கொடுப்பார்கள். குரு பார்வை வேண்டும் அல்லவா. பாய் கல்லை எடுத்து வைக்கும்போதே, நான் கல்லுதான் விற்கிறேன், பலன் விற்கவில்லை என்று வாங்க வந்தவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். இவ்வளவு வெளிப்படையான மனிதர் போலிக் கல் கொடுக்க மாட்டார் என்று கூட்டம் இன்னும் அதிகமாயிற்று. அவர் என்னதான் செய்வார்.

மதுரையிலிருந்து கிளி, தாமரை, சங்கு என்று வெட்டிய பித்தளை வில்லைகள் வெறுமையாக வரும். அவற்றுக்குப் பெயிண்ட் அடிக்க பாய் ஒரு ஆளைப் பிடித்துவந்தார். ராஜபாளையத்தில் போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட். மில் கேட், லாரிக் கதவு, தேர்தல் சுவர் எல்லாம் அவர் கைதான். எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. அக்காவுக்கு அத்தை மகன் முறை. இரண்டு தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்து முடிப்பதற்குள் அவருக்கு முன்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. ஆள் உயரத்துக்கு எழுத்துப் போட்டுப் பழகிய கை, கட்டைவிரல் நகம் அளவுக் கிளிக்கு அடங்கவில்லை. முதல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து நான் பச்சைக் காக்கா என்றேன். கோயிலில் தாயார் கையில் தினம் ஒரு புது இலைக்கிளி வைக்கிற ஊர் எங்களுடையது. கிளி எப்படி இருக்கும் என்று இங்கே தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கிளி என்று சொல்லி எதையாவது தள்ளிவிட முடியாது.

அக்கா அந்தப் பொட்டலத்தை அப்படியே திருப்பி அனுப்பினாள். கூடவே குறைகளையும் சொல்லி அனுப்பினாள். தூது போனது நான். என் வீடு பாய் கடைக்குப் பக்கத்துத் தெருதான். கண் முட்டைக்கண்ணாக முறைக்கிறது, மூக்கு கொத்த வருகிறது, துவாரத்துக்குள் பெயிண்ட் போய் அடைத்துக்கொண்டு நரம்பு நுழையவில்லை, ஊசியால் குத்திக் குத்தி விரலெல்லாம் பொத்தல். நான் பாயிடம் ஒப்பிப்பேன், பாய் ஆர்ட்டிஸ்ட்டிடம் ஒப்பிப்பார். வழியில் என் சரக்கும் பாயின் சரக்கும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். அடுத்த பொட்டலத்தில் கண் சுருங்கியிருக்கும், மூக்கு வளைந்திருக்கும், துவாரம் ஒவ்வொன்றிலும் ஒரு ஈர்க்குச்சி செருகியிருக்கும். மனுஷன் கோபித்துக்கொள்ளவே இல்லை. இத்தனை குறை கேட்டும் கோபப்படாத ஆம்பளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இப்போது அக்கா மாலையைப் போட்டுப் பார்க்கிற விஷயம். நடுக்கல்லுக்கு அக்கா இரண்டு நரம்பு விட்டுக் கோப்பாள், அது அசையாது. கிளிகள் அப்படி இல்லை, ஒற்றை நரம்பில் தொங்கும். ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் என்பதால், கழுத்து அசைகிற அசைவில் கிளி புரண்டுவிட்டால் வெறும் பித்தளை முதுகு தெரியும். கையில் தூக்கிப் பார்த்தால் இது பிடிபடாது. அதனால் ஒவ்வொரு மாலையையும் முடித்த உடனே அக்கா தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து வீட்டு வேலை பார்ப்பாள். ஒரு உலைச் சோறு வடிக்கிற நேரம். கிளி புரளாமல் இருந்தால் மாலை பாஸ். புரண்டால் அறுத்துவிட்டுப் பக்கத்துப் பாசியை மாற்றுவாள். வேலை அவ்வளவுதான். தையல்காரர் தையலை இழுத்துப் பார்க்கிற மாதிரி.

வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு அம்மா தன் மூத்த மகளுக்குச் சொல்லிவைத்த புஷ்பராக மாலையை வாங்க வந்தது இந்த வடிக்கிற நேரத்தில். வாசலில் நின்று பார்த்தால் மகளுக்கான மாலை அக்கா கழுத்தில் கிடக்கிறது. வேறு ஊராக இருந்தால் அங்கேயே சண்டை மூண்டிருக்கும். ராசிக்கல்லை உரியவள் தவிர வேறு ஆள் போடலாமா, பாலில் போட்டு எடுத்து அவளே முதலில் போட வேண்டாமா. அக்காவுக்கும் முகம் செத்துப்போயிற்று. ஆனால் இது ஸ்ரீவில்லிபுத்தூர். தாயார் போட்டுக் களைந்த மாலைதான் பெருமாளுக்கு உசத்தி. அந்த அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, கழட்டிக் குடு தாயி என்று முந்தானையை ஏந்திவிட்டாள். கிளி புரளுகிறதா என்று பார்த்தேன் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். காதில் ஏறவில்லை.

அந்தத் தையிலேயே மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. முடியாமல் என்ன செய்யும்? ராசிக்கல் வாங்குகிற அவசரத்தில் இருக்கிற தாய், மாப்பிள்ளையையும் அதே அவசரத்தில்தான் தேடுவாள் என்று பாய் சொன்னார். அதையும் யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா போட்டுக் கழற்றாத மாலையை யாரும் வாங்கவில்லை. சோறு வடிப்பதெல்லாம் போய் இது ஒரு சடங்காக ஆயிற்று. தலைக்குக் குளித்திருக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்றாள் இன்னொருத்தி. ராஜபாளையத்துத் தெலுங்குக்காரம்மா ஒருவர், சிரிச்சமேனிக்குப் போடச் சொல்லுங்க, என் மகளுக்குச் சிரிச்ச முகத்து மாப்பிள்ளை வேணும் என்றார். அக்கா சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு வாய்த்த மாப்பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் அவர் சிரித்து யாரும் கண்டதில்லை.

இதிலெல்லாம் ரொம்ப மகிழ்ந்துபோனவர் எங்கள் அப்பா. ஆபீஸ் உத்தியோகத்தில் ரிட்டயர் ஆனவர். ரிட்டயர்மென்டும் அம்மா போனதும் அடுத்தடுத்து வந்ததில் வாயைத் திறப்பதையே குறைத்திருந்தார். இப்போது வருகிற பெண்கள் எல்லாம் அவரை அண்ணாச்சி என்றார்கள், மகள் ஜாதகத்தை நீட்டி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். ஜாதகம் பார்க்கத் தெரியாது என்று அவர் யாரிடமும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ம்ம் என்பார். அது போதும். பிறகு பத்திரிகைகள் வரும். வைகாசியில் ஒரே நாளில் மூன்று முகூர்த்தம் என்றால் மூன்றுக்கும் போவார். தாம்பூலப் பைத் தேங்காய்களை அடுக்களையில் வரிசையாக வைப்பார். எங்கள் வீட்டில் அப்போது தேங்காய் விலைக்கு வாங்கியதே கிடையாது.

இந்த இடத்தில்தான் ஊருக்கு ஒரு யோசனை உதித்தது. எல்லோரையும் கட்டிக்கொடுக்கிற இந்தப் பொண்ணு ஏன் இன்னும் இருக்கிறாள்? அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். தன் கழுத்தில் ஏறவேண்டிய ராசியை மாலையோடு கழற்றிக் கழற்றிக் கொடுக்கிறாள், அதனால்தான் மற்றவர்களுக்குக் கூடுகிறது. அப்படியானால் இவள் கழுத்தில் தாலி ஏறிவிட்டால்? கொடுக்க ராசி மிஞ்சாது. இதை யார் முதலில் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் இப்போதும் போய் நாலு கேள்வி கேட்பேன். அதற்குப் பிறகு அக்காவுக்கு வரன் கொண்டுவந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். பெண் வைத்திருக்கிற சொந்தக்காரர்கள் என்று திருத்திச் சொல்ல வேண்டும். எங்கள் சித்தி ஒருத்தி மனசில் ஒளித்து வைக்கத் தெரியாதவள். நேராகவே சொன்னாள்:

“என் கடைக்குட்டிக்கு முடியட்டும்த்தா. பொறவு ஒனக்கு ஜாம் ஜாம்னு செஞ்சிருவோம்.”

சித்தியின் கடைக்குட்டி அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இதற்கும் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து எனக்குத்தான் எரிச்சல் வரும். பாசியைத் தட்டில் கொட்டி நிறம் பிரித்துக்கொண்டே, பேசுறவுக பேசட்டும்டி என்பாள். கல்லை அவள் நம்பியதே இல்லை. புஷ்பராகத்தை மஞ்சக் கல்லு என்பாள், பவளத்தைச் செவத்தக் கல்லு என்பாள். அவளுக்கு அதெல்லாம் நிறம், கனம், துவாரம் அவ்வளவுதான்.

அப்படி இருக்கையில் ஒரு சித்திரை மாதம், பாய் கடையிலிருந்து நான் வாங்கிப் போன பொட்டலத்தில் கிளிகள் எல்லாம் தவறாக வந்திருந்தன. இரண்டு பக்கமும் பெயிண்ட். முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண், முதுகுப் பக்கத்துச் சிறகிலும் அதே நுணுக்கத்தோடு கோடு. ஒரு பக்கம் காய வைத்து, அது ஒட்டாமல் திருப்பிப்போட்டு மறு பக்கம் அடித்துக் காயவைக்க வேண்டும். இரட்டை வேலை. மழை ஈரம் என்றால் இன்னும் இழுக்கும். நான் பாயிடம் கேட்டிருந்தேன். கூலி ஒரு பக்கத்துக்குத்தான் வாங்கினானாம், ஏன்லே இப்படி என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறேன் என்று பாய் சொன்னார்.

“இனிமே அவிய போட்டுப் பாத்துக் கஷ்டப்பட வேண்டாம். எப்படிப் புரண்டாலும் கிளிதான் தெரியும்னு சொல்லிருங்க.”

நான் அதை அக்காவிடம் வந்து ஒப்பித்தேன். அக்கா ஒரு கிளியை எடுத்து இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். மடியில் போட்டாள். மறுபடி எடுத்தாள். அந்தப் பொட்டலத்துக்கு அவள் ஒரு குறைகூடச் சொல்லி அனுப்பவில்லை. குறை வராததில் ஆர்ட்டிஸ்ட் பயந்துபோய், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று பாயிடம் விசாரித்தாராம்.

அடுத்த தடவை ராஜபாளையம் வந்தபோது என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து அக்காவே சொன்னாள். அவரைப் பிடித்திருக்கிறது என்றாள். அவள் வாயால் அப்படி ஒன்றைக் கேட்பதற்கு நான் எத்தனையோ நாளாகக் காத்திருந்தேன். சந்தோஷத்தில் அவளைக் கிள்ளிவிட்டேன். ஆனால் அவள் முகம் அதற்கு ஏற்றதாக இல்லை. கிளி புரண்டால் பரவாயில்லை என்று ஆனபிறகும், தான் போட்டுப் பார்க்காத மாலையை ஒருத்தரும் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்றாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள்:

“எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு மாதிரி இருக்குடி. நான் கட்டிக்கிட்டுப் போயி, எந்தப் பிள்ளைக்காவது தட்டிப்போச்சுன்னா?”

மஞ்சக் கல்லு என்று சொன்னவள் இதைக் கேட்கிறாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அத்தனை வீட்டுக் கல்யாணத்தையும் இவள் தலையில் ஏற்றி வைத்துவிட்டார்களே என்று இருந்தது. பாயிடம் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். பாய் கல்லாவைப் பூட்டினார், ஆர்ட்டிஸ்ட்டைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிவிட்டார்.

ஏறியது ஆடி மாதத்தில். ஆடியில் யாராவது பெண் கேட்டுப் போவார்களா? பாய் கடை வாசலில் ஆடித் தள்ளுபடி என்று போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதியதே கூடப் போன மாப்பிள்ளைதான். இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வெள்ளைச் சட்டையும், நகத்தில் போகாத பச்சைப் பெயிண்டுமாக அவர் எங்கள் வீட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த கோலத்தை அக்கா பின்னால் எனக்கு நடித்துக் காட்டினாள். அப்பா காபி கொடுத்து உபசரித்து, ஆடியில் நல்ல காரியம் பேசக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று அனுப்பிவைத்தார். நியாயம்தானே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஆவணி பிறந்தது. முகூர்த்த மாசம், ஆர்டர் குவிந்து கிடக்கிறது, இப்போது பேச நேரம் ஏது என்றார் அப்பா. புரட்டாசி பெருமாள் மாசம், அதில் பேச்சே கூடாது. ஐப்பசியில் அடைமழை, வீடு ஒழுகுகிறது, நாலு பேர் வந்தால் எங்கே உட்காருவார்கள். கார்த்திகையில் செய்தார் பாருங்கள், வாழ்நாளில் மலைக்குப் போகாத மனிதர் திடீரென்று சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டார். விரதத்தில் இருக்கிற சாமியிடம் போய் யார் எதிர்த்துப் பேசுவது? அது முடிந்தால் மார்கழி. மார்கழியைப் பற்றி அவர் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் வந்து சத்தம் போட்டேன். ஒன் தேங்காய்க்காக அவள் கழுத்து சும்மா கிடக்கணுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அப்பா சரணம் ஐயப்பா என்றார்.

ஆர்ட்டிஸ்ட் இந்த மாதங்களில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன, இரண்டு பக்கமும் பெயிண்டோடு.

தை வந்தது. பொங்கல் முடிந்து நான் இன்னும் ஊருக்குத் திரும்பாமல் இருந்த நாள். புதுப்பட்டி அம்மா வந்தாள், முதல் முதலில் முந்தானை ஏந்தினவள். இப்போது இரண்டாவது மகளுக்கு. மாலை தயாராக இருந்தது. அக்கா தலைக்குக் குளித்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, புஷ்பராகம் நடுநெஞ்சில் வர மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டாள். அப்பா வழக்கம்போல் நாற்காலியில். அந்த அம்மா வழக்கம்போல் முந்தானையோடு. நான் கதவோரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், வழக்கம்போல் எரிச்சலோடு.

கழற்றுகிற நேரம் வந்தது. அக்கா கழற்றவில்லை. செத்த நேரம் ஆகட்டும் என்று நாங்கள் இருந்தோம். அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள், அரிசி களைந்தாள், உலையில் போட்டாள். கிளிகள் புரண்டன, மறுபடி புரண்டன. எந்தப் பக்கம் புரண்டாலும் பச்சையாகவே இருந்தன. அந்த அம்மாவுக்குக் கை வலித்திருக்க வேண்டும், முந்தானையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, தாயி நேரமாச்சு என்றாள். அக்கா வந்து அவள் எதிரில் நின்றாள்.

“இது எனக்கு, அத்தை. ஒங்க மகளுக்கு நாளைக்கே வேற கோத்துத் தாரேன். அத அவளே மொதல்ல போட்டுக்கிடட்டும்.”

அந்த அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். அண்ணாச்சி, இது என்ன புதுசா இருக்கு, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க என்றாள். கெட்டவள் இல்லை அவள். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற மகள், பயந்துபோயிருந்தாள். நான் அப்பாவைத்தான் பார்த்தேன். எத்தனையோ ஜாதகத்துக்கு ம்ம் என்றவர். இப்போதும் ஒரு ம்ம் சொன்னால் போதும், அக்கா கழற்றிக் கொடுத்திருப்பாள். அவளை எனக்குத் தெரியும். அப்பா சொல் தட்டுகிறவள் இல்லை. இந்த ஒரு தடவை கழற்றிக் கொடுத்தால் இனி தனக்கென்று ஒருபோதும் எதையும் கேட்க மாட்டாள் என்பதும் தெரியும்.

அப்பா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. அடுக்களையில் உலை பொங்கி வழிகிற சத்தம் கேட்டும் யாரும் நகரவில்லை.

“அவ கழட்ட மாட்டாம்மா,” என்றார். “நீங்க குடும்பத்தோட அவ கல்யாணத்துக்கு வந்துருங்க.”

வாங்கின பத்திரிகைகளை வைக்க இடமில்லாத வீட்டிலிருந்து அக்காவுக்காக வெளியே போன முதல் அழைப்பு அதுதான். எந்தத் தேதி என்று அந்த அம்மா கேட்கத்தான் செய்தாள். அப்பா எழுந்து காலண்டரைக் கழற்றிவந்து விரலை வைத்து, இந்தத் தையிலேயே ஒரு நாளைச் சொன்னார். நாளைக்கே வந்து மகள் மாலையை வாங்கிக்கொள்கிறேன் என்று முனகிவிட்டு அவள் போனாள். வாங்க வரவில்லை. அடுத்த மாதம் அவள் மகளுக்கு மாலை இல்லாமலே மாப்பிள்ளை அமைந்தது வேறு விஷயம். கேட்டபோது, மூத்தவளுக்குக் கொடுத்த ராசியே வீட்டில் மிச்சம் இருந்தது என்று சொன்னாளாம். ஜனங்களிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

அவள் போனபிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. மாப்பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. ஆடியில் கேட்டுவிட்டுப் போன மனுஷன். இப்போது எந்தச் சுவரில் ஏணி போட்டு நிற்கிறாரோ, தனக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று என்றே தெரியாது. பெண் கேட்ட ஆளுக்குக் கல்யாணத் தேதி கடைசியாகத் தெரிகிற வீடு எங்கள் வீடுதான் என்று நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள், இந்தத் தடவை எனக்கு எரிச்சல் வரவில்லை. நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வாரேன் என்று கிளம்பினேன்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். காலண்டர் இன்னும் கையில் இருந்தது. அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துத் தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

“இனிமே இந்த வீட்டுக்கு யாருத்தா வருவா?”

அம்மா போன பிறகு எத்தனை நாள் அந்தக் கதவை யாருமே தட்டாமல் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் நினைப்பு வந்தது. தேங்காயைச் சொல்லி அவரைக் குத்திக்காட்டியவள் நான். செருப்பு வாரையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்த அக்காவின் காதில் அது விழுந்திருக்கிறது. நான் வாரேன்ப்பா என்றாள், அங்கிருந்தே. டவுன் பஸ் ஏறினா வந்துரலாம், வாராவாரம் வாரேன்.

அப்பா அடுக்களைப் பக்கம் திரும்பி, வா தாயி என்றார், அவளை ஏற்கெனவே கட்டிக்கொடுத்து அனுப்பி, அவள் ராஜபாளையத்திலிருந்து வந்து வாசலில் நிற்கிற மாதிரி.